முத்துமாலையும் போடுவேன், கத்தவும் செய்வேன்

ரெனீட்டா மோஸ்லி டாக்டரைப் பார்க்கக் கிளம்பினால் ஏதோ கல்யாணத்துக்குத்தான் போகிறாள் என்று தெருவில் நினைப்பார்கள். முந்தின நாளே உடுப்பை இஸ்திரி போட்டு மாட்டிவிடுவாள். தலைமுடியைக் கடையில் போய்ச் சீர்செய்துகொள்வாள். காலுறை, குதிகால் செருப்பு, காதில் கம்மல், கழுத்தில் முத்துமாலை. உள்ளே போடுகிற துணிகூடப் புதிதாக இருந்தாக வேண்டும். இதை அவள் ஒருத்தியின் கிறுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். மொபீல் நகரத்தில் எங்கள் பகுதிக் கறுப்பினப் பெண்கள் அத்தனை பேரும் இப்படித்தான். வெள்ளைக்கார டாக்டர் முன்னால் கசங்கிய துணியோடு போய் நின்றால், கசங்கிய துணியைப் பார்ப்பதுபோலத்தான் நம்மையும் பார்ப்பான் என்று அம்மாக்கள் பெண்களுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். முதலில் நாம் மனுஷி என்று அவனுக்குப் புரிய வேண்டும். நோயை அதற்கப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

உடுப்போடு முடிந்துவிடாது, பேச்சும் உண்டு. யார் எப்படி இருக்கிறாய் என்று கேட்டாலும், "ஆண்டவர் கிருபையில ஒரு குறையும் இல்லீங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும். கடன்காரன் வாசலில் நின்றாலும் அதுதான், புருஷன் ஓடிப்போனாலும் அதுதான். சபையில் ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஆரம்பித்து வண்டி நிறுத்துமிடம் வரைக்கும் இந்த ஒரே பதில்தான் கேட்கும். சொல்லிச் சொல்லிப் பழகின வாய் வேறு இடத்தில் மட்டும் மாறிப் பேசுமா?

டாக்டர் ஹாலோவேயிடம் ரெனீட்டா இரண்டு வருஷமாகப் போய்க்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து, "எப்படி இருக்கீங்க ரெனீட்டா?" என்பார். இவள் முத்துமாலையைச் சரிசெய்துகொண்டு, "ஆண்டவர் கிருபையில ஒரு குறையும் இல்லீங்க டாக்டர்" என்பாள். அதற்கப்புறம் மெல்ல, யாரோ பக்கத்து வீட்டுக்காரியின் கதையைச் சொல்வதுபோல, கொஞ்சம் ரத்தம் அதிகமாகப் போகிறது என்பாள். அவரும் தலையாட்டி மாத்திரை எழுதிக் கொடுப்பார்.

கொஞ்சமாம்! அவள் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். நினைத்த நேரத்துக்கு எழுந்துபோக முடியாத வேலை. ஓட்டுநர் இருக்கையில் குப்பை போடும் கறுப்புப் பையை விரித்து, அதன்மேல் கறுப்புத் துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல்தான் உட்கார்வாள். மாதத்தில் பாதி நாள் அந்தத் துண்டு நனையும். பிள்ளைகள் எல்லோரும் இறங்கிப் போன பிறகுதான் அவள் இருக்கையை விட்டு எழுந்திருப்பாள். வயிறு ஐந்து மாதம் சுமக்கிறவளுடையதைப்போல முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. உள்ளே இருந்தவை கட்டிகள். உடம்பில் ரத்தம் வற்றிப்போனதால் எந்நேரமும் ஐஸ் கடிக்க வேண்டும்போல இருக்கும். பெரிய டம்ளரில் ஐஸை நிரப்பிவைத்துக்கொண்டு கடக் கடக்கென்று மென்றுகொண்டே இருப்பாள். சபையில் அவளைக் கேலிசெய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

ஒரே ஒரு முறை, முந்தின வருஷம், அவள் அப்படி அலங்காரமாக உடுத்திக்கொள்ளாமல் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். மதியச் சவாரி முடிந்ததும் இருக்கையை விட்டு எழ முடியாதபடி வலி. தலையில் கட்டின துணியும் வீட்டுச் செருப்புமாக அவசரப் பிரிவுக்குப் போய்க் கத்தினாள். அங்கே இருந்த பெண் முதலில் கேட்டது, நீ என்ன போதை மாத்திரை சாப்பிடுகிறாய் என்று. பிறகு பொழுது சாயும்வரை நடையில் உட்காரவைத்து, தலைவலி மாத்திரையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். உடுத்திக்கொண்டு போனால் வலி இல்லாதவள். உடுத்தாமல் போனால் மாத்திரைக்கு அலைகிறவள். எப்படித்தான் போவது? எனக்கு இதை எழுதும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்! அதற்கப்புறம் அவள் முத்துமாலை இல்லாமல் எந்த டாக்டர் வாசலையும் மிதித்ததில்லை.

ஹாலோவேயைச் சிபாரிசு செய்தவள் பேருந்து நிலைய அலுவலகத்தில் வண்டிகளை அனுப்பிவைக்கும் ட்ரேசி. வெள்ளைக்காரப் பெண், நல்லவள், கொஞ்சம் ஓட்டைவாய். எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கிச் சொல்லுவார், தங்கமான மனுஷன் என்றாள். தங்கமோ என்னவோ, மோசமான ஆள் என்று ரெனீட்டாவாலும் சொல்ல முடியவில்லை. சுவரில் தான் பிடித்த மீனின் படத்தை மாட்டியிருப்பார். சத்தம் போட மாட்டார். கைகூட வலிக்காமல்தான் பரிசோதிப்பார்.

தவக்காலத்துக்கு முன்னால் ஊர்வலமும் கூத்துமாக வரும் மார்டி கிரா பண்டிகைக்கு ஒரு மாதம் முன்னால், அதே மென்மையான குரலில், "எடுத்துடலாம்" என்றார்.

"கட்டியைங்களா டாக்டர்?"

"கருப்பையோடதான். வயித்தக் கீறி எடுத்துட்டா அப்புறம் தொல்லையே இல்ல. பண்டிகை வாரம் பள்ளிக்கூடம் லீவுதானே, உங்களுக்கும் தோதா இருக்கும்."

ரெனீட்டாவுக்கு முப்பத்தேழு வயது. கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை செய்யும் லாமாரை அவள் கட்டிக்கொண்டு மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. பிள்ளை வேண்டும் என்று அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் கண்பட்டுவிடும் என்று லாமாரிடம்கூடச் சாடைமாடையாகத்தான் பேசுவாள். ஆனால் அந்த ஒரு ஆசைக்காகத்தான் துண்டு மடித்துப் போட்டு உட்கார்ந்து இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை விஷயம் என்னவாவது என்று தட்டுத்தடுமாறிக் கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரருக்குத்தான் முதல் சம்சாரத்து மூலமா பசங்க இருக்காங்கல்ல? அப்புறம் என்ன?" என்றார் ஹாலோவே.

ரெனீட்டா என்ன செய்தாள் தெரியுமா? "சரிங்க டாக்டர், ரொம்ப நன்றிங்க" என்று எழுந்து வந்தாள். கைப்பையை இடுக்கிக்கொண்டு, குதிகால் செருப்பு டக் டக்கென்று ஒலிக்க, நிமிர்ந்து நடந்து வந்தாள். காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திய பிறகுதான் ஸ்டியரிங்கைக் கை வலிக்கும்வரை குத்தினாள்.

அவளுடைய அத்தை ஒருத்தி, கிராமத்தில் பருத்திக் காட்டுப் பக்கம் இருந்தவள், பதினெட்டு வயதில் வயிற்றில் வீக்கம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். தழும்போடு திரும்பி வந்தாள். கல்யாணம் செய்து, ஆண்டுக்கணக்கில் ஜெபம் பண்ணி, கடைசியில் வேறொரு ஊரில் வேறொரு டாக்டர் சொல்லித்தான் உள்ளே ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. எடுத்தவன் அவளிடம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. எங்கள் பகுதியில் அப்படி ஒரு அத்தை இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காருக்குள் ரெனீட்டாவுக்கு அத்தையின் முகம்தான் கண்ணில் நின்றது. அத்தையிடம் கேட்கவில்லை. நம்மிடம் கேட்டார், நாமே நன்றி சொல்லிவிட்டு வந்தோம். இது எந்த விதத்தில் தேவலாம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

லாமார் சாதுவான ஆள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவளுக்கு ஒரு டம்ளர் ஐஸ் கொண்டுவந்து வைத்தான். அப்புறம், நீ உயிரோடு இருந்தால் போதும், மற்றதெல்லாம் ஆண்டவன் விட்ட வழி என்றான். ஆறுதலுக்குத்தான் சொன்னான். அவளுக்கோ அந்த ஆறுதல் வேப்பங்காயாகக் கசந்தது.

பண்டிகைக்கு முந்தின ஞாயிறு. ஹெப்ரான் சபையில் அது சாட்சி சொல்லும் ஞாயிறு. சாட்சிக்கு ஒரு முறை உண்டு. முதலில் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும், நடுவில் ஆண்டவரைக் கூப்பிட வேண்டும், கடைசியில் ஜெயித்துவிட்டேன் என்று முடிக்க வேண்டும். வேலை போனது, கிடைத்துவிட்டது. மகன் சிறைக்குப் போனான், வந்துவிட்டான். கஷ்டம் தீராதவர்கள் தீரும்வரை வாயைத் திறக்கக் கூடாது. யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். யாராவது நீட்டி முழக்கினால் ஆர்கன் வாசிக்கும் பிரதர் ஆல்வின் மெல்ல ஒரு பாட்டை ஆரம்பிப்பார். போதும், உட்கார் என்று அதற்கு அர்த்தம்.

ரெனீட்டா மைக்கை வாங்கிக்கொண்டு எழுந்தபோது அவளுக்கே தெரியாது என்ன பேசப்போகிறாள் என்று. அறுவை சிகிச்சைக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று சொல்லி உட்கார்ந்துவிடலாம் என்றுதான் இருந்தாள்.

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். பாஸ்டருக்கும் சபைக்கும் வணக்கம்" என்று முறையாகத்தான் ஆரம்பித்தாள். "வாரா வாரம் உங்க எல்லார்கிட்டயும் ஒரு குறையும் இல்லன்னு சொல்லிட்டு வரேன். அது பொய். எனக்கு ரத்தம் கொட்டுது. இப்ப நின்னு பேசறப்பவும் கொட்டிட்டுத்தான் இருக்கு. வர்ற வியாழக்கிழமை என் கருப்பைய எடுத்துப் போடப் போறாங்க. எனக்கு இஷ்டமில்ல. டாக்டர்கிட்ட அத சொல்ல எனக்கு வாய் வரல."

சபையில் விசிறி ஆட்டிய கைகளெல்லாம் நின்றுவிட்டன. பின்வரிசையில் ஒரு மூப்பர் இருமினார். ஆல்வின், பாவம், பழக்க தோஷத்தில் ஆர்கனைத் தொட்டுவிட்டார்.

"பிரதர் ஆல்வின், கைய எடுங்க. நான் இன்னும் முடிக்கல."

ஆல்வின் சுட்டுக்கொண்டவர்போலக் கையை எடுத்தார். எங்கோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். மூப்பரின் மனைவி சிஸ்டர் ஐனஸ், சபையில் எந்த அடுப்பில் எது வேகலாம் என்று தீர்மானிக்கிற அம்மாள், விசிறியோடு வந்து ரெனீட்டாவின் முழங்கையைப் பிடித்தாள். ஆம்பிளைகள் இருக்கிற இடத்தில் இதையெல்லாம் பேசலாமா கண்ணு, உட்கார் என்று காதோடு சொன்னாள்.

"இருக்கட்டுமே சிஸ்டர். அவங்க எல்லாம் எங்கருந்து வந்தாங்களாம்?"

இதைக் காதோடு சொல்லவில்லை. மைக்கில் சொன்னாள். பாஸ்டர் குனிந்து வேதப் புத்தகத்தில் எதையோ அவசரமாகத் தேட ஆரம்பித்தார்.

அப்போது பாடகர் வரிசையில் ஒருத்தி எழுந்தாள். கிளாடெட். ரெனீட்டாவும் அவளும் சபை ஆண்டுவிழாவில் யார் மாக்ரோனி சமைப்பது என்று சண்டை போட்டு, அதிலிருந்து முகம் பார்ப்பதில்லை. கிளாடெட்டின் மாக்ரோனி காய்ந்த சுவர்ப் பூச்சு மாதிரி இருந்தது என்று ரெனீட்டா நாலு பேர் காதில் விழச் சொல்லியிருந்தாள். அதனால் இப்போது என்ன வரப்போகிறதோ என்று ரெனீட்டா மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்கினாள்.

"உனக்கு என்னன்னு எனக்கு எப்பவோ தெரியும்" என்றாள் கிளாடெட். "நீ ஐஸ் கடிக்கிற சத்தத்த வெச்சே தெரியும். நானும் அப்படித்தான் கடிச்சிட்டுத் திரிஞ்சேன். கட்டிய மட்டும் எடுத்தாங்கடி எனக்கு. சின்னச் சின்னத் துளை போட்டு. மறுநாளே வீட்டுக்கு வந்துட்டேன். என் அக்கா வீட்டுக்குப் போயிருக்கேன்னு உங்க எல்லார்கிட்டயும் சொன்னேனே, அப்பத்தான். தெரிஞ்சும் உன்கிட்ட வாயத் தொறக்கல. ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும், நீ மன்னிக்காட்டியும் பரவால்ல."

ஒரே சபை, ஒரே பாட்டு, ஒரே வியாதி. ஒருத்திக்கு ஒருத்தி ஒரு குறையும் இல்லை என்று சொல்லிச் சொல்லியே வழி தெரிந்தவளும் வாய் மூடியிருந்தாள், வழி தெரியாதவளும் வாய் மூடியிருந்தாள். இதைவிடப் பெரிய மடத்தனத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த வாய்களை மூடவைத்தவர்கள் யார் என்று யோசித்தால் கோபம் வேறு பக்கம் திரும்புகிறது.

ஆராதனை முடிந்து வண்டி நிறுத்துமிடத்தில் இருவரும் நெடுநேரம் நின்று பேசினார்கள். எங்கள் மாநிலத்திலேயே இருக்கிற பர்மிங்காமில் டாக்டர் நுவோசு என்று ஒரு பெண், நைஜீரியாக்காரர் மகள், துளை போட்டுக் கட்டியை மட்டும் எடுப்பதில் கை தேர்ந்தவள். நாலு மணி நேரப் பயணம். கிளாடெட்டுக்கு அந்தப் பேரைச் சொன்னது பர்மிங்காமில் இருக்கிற அவள் அக்கா. இந்த ஊர் டாக்டர் எவரும் சொல்லவில்லை.

ஒருவேளை ஹாலோவேக்கு அப்படி ஒரு வழி இருப்பதே தெரியாதோ என்று அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது ரெனீட்டா லாமாரிடம் சொன்னாளாம். பாருங்கள், அப்போதும் அவருக்காகத்தான் பரிந்து பேசியிருக்கிறாள்.

அந்தப் பரிவை மறுநாள் ட்ரேசி உடைத்தாள். விடுப்பு விஷயமாகப் பேச ரெனீட்டா அவளுக்கு ஃபோன் செய்தாள். பின்னணியில் ஊர்வலத்தின் பேண்டு சத்தம். என்ன ஆபரேஷன் என்று கேட்ட ட்ரேசி, விஷயத்தைச் சொன்னதும், "ஐயோ, எனக்கும் அதேதானே!" என்றாள். பிறகு மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாள். முதல் தடவை போனபோதே ஹாலோவே படம் வரைந்து காட்டி, கட்டியை மட்டும் எடுக்கலாம், துளை போட்டும் செய்யலாம், எனக்கு அதில் பழக்கம் இல்லை, ஆனால் பர்மிங்காமில் ஒரு கெட்டிக்கார அம்மா இருக்கிறார் என்று அவரே பேசி நாள் வாங்கிக் கொடுத்தாராம்.

"உனக்குச் சொல்லியிருப்பாரே?" என்றாள் ட்ரேசி.

ரெனீட்டா திருப்பி, நீ அவரிடம் என்ன உடுத்திக்கொண்டு போனாய் என்று கேட்டாள். ட்ரேசிக்குக் கேள்வியே புரியவில்லை. என்ன உடுத்துவது, வீட்டில் போட்டிருந்த அழுக்குச் சட்டைதான், குளிக்கக்கூட இல்லை, உள்ளே நுழைந்ததும் ஓவென்று அழுதேன், பாவம் மனுஷன் பயந்தே போய்விட்டார் என்று சிரித்தாள். ரெனீட்டா ஃபோனை வைத்தாள். அழுக்குச் சட்டையோடு அழுதவளுக்குப் படம் வரைந்து காட்டியிருக்கிறார். வீட்டுச் செருப்போடு கத்தின தனக்கு நடையில் ஒரு நாற்காலியும் போதை மாத்திரைக் கேள்வியும் கிடைத்தன. தப்பு உடுப்பில் இல்லை என்று அவளுக்கு அன்றைக்குத்தான் சந்தேகமறத் தெரிந்தது.

புதன்கிழமை, ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடப் போக வேண்டிய நாள். பண்டிகை முடிந்து தெருவெல்லாம் ஊர்வல வண்டிகளிலிருந்து வீசிய பாசிமணியும் நசுங்கிய சாக்லேட் பிஸ்கட்டும் கிடந்தன. லாமார், இந்தத் தடவையாவது சாதாரணமாகப் போயேன், வலிக்கிறது என்று அப்போதாவது நம்புவான் என்றான்.

"முத்துமாலையும் போடுவேன், கத்தவும் செய்வேன்" என்றாள் அவள். "ரெண்டும் என்னுதுதான். எதுக்காக ஒண்ண விடணும்?"

சிவப்பு உடுப்பை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு போனாள். ஹாலோவே வழக்கம்போல நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து, "எப்படி இருக்கீங்க ரெனீட்டா?" என்றார்.

"மோசமா இருக்கேன். ரெண்டு வருஷமா மோசமா இருக்கேன். அப்புறம், நான் உங்கள டாக்டர்னு கூப்பிடறேன்ல, நீங்களும் என்னை மிஸஸ் மோஸ்லின்னு கூப்பிடுங்க."

அவர் பேனாவை வைத்துவிட்டார். ரெனீட்டா சொல்ல ஆரம்பித்தாள். குப்பைப் பையையும் துண்டையும் சொன்னாள். ஈரல் துண்டுபோல ரத்தம் கட்டி கட்டியாக விழுவதைச் சொன்னாள். ஐஸைச் சொன்னாள். படிக்கட்டில் மூச்சு வாங்குவதைச் சொன்னாள். எதையும் பக்கத்து வீட்டுக்காரி கதைபோலச் சொல்லவில்லை. கதவு சாத்தியிருந்தும் வெளியே காத்திருந்தவர்களுக்குக் கேட்டது.

"இதையெல்லாம் நீங்க முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார் ஹாலோவே. "வர்றப்பல்லாம் ஒரு குறையும் இல்லன்னுதானே சொன்னீங்க?"

"அது வணக்கம் சொல்ற மாதிரி. உங்களுக்கு மரியாதை குடுத்தேன். என் வயித்த அமுக்கிப் பாத்த உங்க கைக்குத் தெரியாதா குறை இருக்கா இல்லையான்னு? சரி விடுங்க. கட்டிய மட்டும் எடுக்கலாம், பர்மிங்காம்ல செய்யறாங்கன்னு எனக்கு ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

"தெரியாதத எப்படிக் கேக்கறது? எங்க டெப்போ ட்ரேசி கேட்டதாலயா சொன்னீங்க? அவங்களுக்கு நீங்களாவே படம் வரைஞ்சு காட்டினீங்களாமே."

இன்னொரு நோயாளியைப் பற்றித் தான் பேசக் கூடாது என்றார். ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி என்றார். நான் ஆளைப் பார்த்து வைத்தியம் செய்கிறவன் இல்லை, எனக்கு எல்லோரும் ஒன்றுதான் என்றார். முகம் சிவந்துபோயிருந்தது. பொய் சொல்கிறார் என்று ரெனீட்டாவுக்குத் தோன்றவில்லை. அவர் அதை நம்பித்தான் சொல்கிறார் என்று தோன்றியது. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது. கெட்டவன் என்றால் திட்டிவிட்டுப் போகலாம். தன்னை நல்லவன் என்று நம்புகிறவனை என்ன செய்வது?

"எங்க வீட்டுக்காரருக்குப் பசங்க இருக்காங்களான்னு கேட்டீங்களே, எனக்கு வேணுமான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தை அப்படியே மேஜையில் விட்டுவிட்டு எழுந்தாள்.

காத்திருக்கும் அறைக்கு வந்தவள் நேரே வெளியே போகவில்லை. அங்கே இஸ்திரி போட்ட உடுப்பும் கம்மலுமாக எங்கள் பெண்கள் இரண்டு மூன்று பேர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"எடுத்துடலாம்னு சொன்னார்னா, வேற வழி என்னன்னு கேளுங்க" என்று அவர்களைப் பார்த்துச் சொன்னாள். "கேக்கலன்னா சொல்ல மாட்டார். எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, உண்மையச் சொல்லுங்க."

கழுத்தில் ஊதாப் பாசிமணி போட்டிருந்த வரவேற்புப் பெண், கொஞ்சம் சத்தத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்டாள். முடியாது என்று சொல்லிவிட்டு ரெனீட்டா வெளியே வந்தாள்.

டாக்டர் நுவோசு குட்டையான, சிரிக்காத பெண். நாளும் உடனே கிடைத்துவிடவில்லை. இரும்புச்சத்தை ஊசியில் ஏற்றி, ரத்தத்தைத் தேற்றி, பஞ்சாயத்துப் பேசி இன்ஷூரன்ஸ்காரர்களைச் சம்மதிக்கவைத்து, வசந்தம் பாதி போன பிறகுதான் தேதி விழுந்தது. அதுவரை ரெனீட்டா பேருந்து ஓட்டிக்கொண்டுதான் இருந்தாள். நுவோசு தேன் தடவிப் பேசவில்லை. கட்டிகள் நிறைய இருக்கின்றன, சில இடம் கெட்ட இடத்தில் இருக்கின்றன, மேஜையில் படுத்த பிறகு ரத்தம் நிற்காவிட்டால் கருப்பையை எடுக்கத்தான் வேண்டியிருக்கும், வாக்குக் கொடுக்க மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னாள்.

"நான் செத்துருவேன்னா எடுங்க டாக்டர்" என்றாள் ரெனீட்டா. "உங்களுக்கு வேலை சுலபமாகும்னு எடுக்காதீங்க."

"எனக்கு எதுக்கு சுலபம்? அதுக்கா இவ்வளவு படிச்சேன்?" என்றாள் நுவோசு. பிறகு, உன்னைப்போல எத்தனையோ பேர் உள்ளே இருந்ததை எடுத்துப் போட்ட பிறகுதான் என்னிடம் வருகிறார்கள், அதைப் பார்த்துப் பார்த்துத்தான் என் முகம் இப்படி ஆகிவிட்டது என்றாள். சிரித்தாளா இல்லையா என்று ரெனீட்டாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆபரேஷனுக்கு லாமார் கார் ஓட்டினான். பின்னால் கிளாடெட் வறுத்த கோழியோடும் வாய் ஓயாத யோசனைகளோடும் உட்கார்ந்து வந்தாள். நீ வராதே என்றால் அவள் கேட்கிற ஜாதி இல்லை. உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது ரெனீட்டா லாமாரின் கையை விடவில்லை. பயம்தான். எவ்வளவு வாய் பேசினாலும் மேஜையில் படுத்தால் எல்லோரும் ஒரே மாதிரிதான். கண் விழிக்கும்போது அத்தையைப்போல ஒன்றுமில்லாதவளாக விழிப்போமோ என்ற நினைப்போடுதான் மயக்கத்துக்குள் போனாள்.

விழித்தபோது நாக்கு எழவில்லை. கேட்க நினைத்ததைக் கேட்க முடியாமல் கையை மட்டும் வயிற்றுக்குக் கொண்டுபோனாள். லாமார் அழுதுகொண்டிருந்தான். ஏன் அழுகிறான் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இருக்குடி" என்றாள் கிளாடெட், கட்டிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "வெச்ச எடத்துலயே இருக்கு. இந்த ஆளு சந்தோஷத்துக்கு அழுவுறான், நீ பயந்துக்காத. கட்டிய மட்டும் ஒரு கூடை அள்ளிட்டு வந்தாங்களாம்."

ரெனீட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் துளைகள் வலித்தன. வலித்தாலும் சிரித்தாள்.

மாதம் திரும்புவதற்குள் அவள் பேருந்தில் ஏறிவிட்டாள். கறுப்புத் துண்டைக் குப்பையில் போட்டாள். சபையில் அவள் எழுந்தால் ஆல்வின் இப்போதெல்லாம் ஆர்கனை மூடியே வைத்துவிடுகிறார். பெண்கள் அவளைக் கழிப்பறை வாசலிலும் வண்டி நிறுத்துமிடத்திலும் பிடித்துக்கொண்டு, எனக்கும் கொஞ்சம் இருக்கிறது என்று ஆரம்பிப்பார்கள். கொஞ்சமா, எவ்வளவு என்று சொல்லு என்று அவள் அதட்டுவாள். பர்மிங்காமுக்குச் சிலர் போனார்கள். சிலருக்குக் கருப்பையை எடுக்கத்தான் வேண்டியிருந்தது. ஒருத்தி எடுத்தால் போதும் என்று தானே கேட்டு எடுத்துக்கொண்டாள், நிம்மதியாக இருக்கிறாள். ஹாலோவே இன்னும் அதே அறையில்தான் இருக்கிறார், மீன் படமும் இருக்கிறது.

இரண்டு வருஷம் ஓடியது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். சிஸ்டர் ஐனஸுக்கு அந்தப் பழைய மைக் விவகாரம் இன்னும் தொண்டையில் நின்றிருக்க வேண்டும். கீரையைப் பரிமாறிக்கொண்டே, ஊரைக் கூட்டி இத்தனை ஆர்ப்பாட்டம் பண்ணினாயே, கடைசியில் ஒரு பிள்ளையாவது பெற்றாயா என்று கேட்டுவிட்டாள். கிளாடெட் கரண்டியோடு எழுந்தேவிட்டாள்.

ரெனீட்டா அவளைக் கையமர்த்தினாள். அவளுக்கு வலிக்காமல் இல்லை. மாதா மாதம் காத்திருந்து காத்திருந்து ஏமாந்தவள் அவள். கண் கலங்கியதை மறைக்கவும் இல்லை.

"பெறல சிஸ்டர்" என்றாள். "வந்தா வரும். வராமலே போனாலும் போகும். ஆனா அது என் வீடு. குடி வெக்கிறதா, பூட்டி வெக்கிறதான்னு நான் பாத்துக்கறேன். என்னைக் கேக்காம இடிக்கறதுக்கு மட்டும் எவனும் வரக் கூடாது."